காய்கறிக்குச் சுவர் வைத்த மேட்டுப்பாத்தி: சரியாமல், நஞ்சில்லாமல் கட்டும் முறை

ஐப்பசி அடைமழையில் களிமண் தோட்டத்தில் நாலைந்து நாள் தண்ணீர் கட்டி நின்றால் போதும், தக்காளியும் மிளகாயும் வேர் அழுகித் தலை தொங்கிவிடும். மேட்டுப்பாத்தி இதற்காகத்தான். மண்ணைக் குவித்து மட்டும் போட்டால் ஒரே மழையில் பாதி கரைந்து வாய்க்காலுக்குப் போய்விடும் என்பதால் சுற்றிச் சுவர் வைக்கிறோம். அந்தச் சுவர் பத்து, பதினைந்து வருடம் நிற்க வேண்டும். அதிலிருந்து எதுவும் கசிந்து கீரைக்குள் போகவும் கூடாது. இரண்டுக்கும் இடம் பார்க்கும்போதே கவனம் தேவை.

இங்கே சொல்வது தரையில், வீட்டுக் கொல்லையில் கட்டும் பாத்திக்கு. மொட்டை மாடியில் இதைக் கட்டவே கட்டாதீர்கள். நனைந்த மண் ஒரு கன அடி 45 முதல் 50 கிலோ இருக்கும். ஒன்றரை அடி உயரப் பாத்தி சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல் அழுத்தும். ஆள் நடமாடும் மாடித் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 875) வடிவமைப்பில் எடுக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். மாடிக்குத் தென்னை நார்க்கழிவு நிரப்பிய லேசான பைகள் போதும்.

இடமும் அளவும்

குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழ வேண்டும். தென்னையின் உயிர்ப்பான வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள் இருக்கும், அதனால் எட்டு அடியாவது தள்ளிப் போங்கள். வேம்பு, முருங்கைக்கும் அதே தூரமாவது வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் போடும் எருவை ஒரே வருடத்தில் மர வேர் தின்றுவிடும். வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டினால் சுவர் ஓதம் பிடிக்கும், கறையானுக்கும் வழி கிடைக்கும். இரண்டு அடி இடைவெளி விடுங்கள். செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி பக்கம் வேண்டாம். பழைய பெயின்ட் உதிர்ந்து கிடக்கும் இடமும் வேண்டாம், அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும்.

உள் அகலம் நான்கு அடியைத் தாண்டக் கூடாது. ஒரு பக்கம் உட்கார்ந்து கை நீட்டினால் இரண்டு அடிதான் எட்டும். அதற்கு மேல் போனால் பாத்திக்குள் காலை வைப்பீர்கள், மண் இறுகும், மேட்டுப்பாத்தி கட்டியதே வீண். வயதானவர்கள் வேலை செய்வதாக இருந்தால் மூன்றரை அடி நல்லது. நீளம் எட்டு அடி, தெற்கு வடக்காக. பந்தல் போடுவதானால் வடக்கு முனையில் போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது அதன் நிழல் மற்றச் செடிகள் மேல் விழாது. இரண்டு பாத்திகளுக்கு நடுவே இரண்டு அடி வழி, தள்ளுவண்டி போக வேண்டுமானால் இரண்டரை அடி.

உயரம் தரைக்கு மேல் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். மண் சுவரைத் தள்ளும் விசை, உயரம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். உள்ளே தண்ணீர் தேங்கிவிட்டாலோ, அதே உயரத்திலேயே தள்ளும் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். சரிந்து கிடக்கும் பாத்திச் சுவர் எதைப் பார்த்தாலும் சிமென்ட் குறைவு என்றுதான் முதலில் சொல்வார்கள். பெரும்பாலும் தண்ணீர் வெளியேற வழி விடாததுதான் காரணம்.

சுவருக்கு எது ஆகும், எது ஆகாது

இந்த ஊர் கறையானுக்கும் மழைக்கும் 6 அங்குல சாலிட் பிளாக் (உள்ளே துளையில்லாத சிமென்ட் கல்)தான் எங்கள் முதல் தேர்வு. நன்றாக வெந்த செங்கல்லும் நிற்கும், ஆனால் வேகாத கல் ஓதத்தில் மாவாக உதிரும். இரண்டு கல்லைத் தட்டினால் மணி போலக் கணீரென்று கேட்க வேண்டும். கடப்பா கல்லை நட்டு வைப்பது வேகமான வேலை, ஆனால் முக்கால் அடியாவது புதைக்காவிட்டால் முதல் மழையிலேயே வெளியே சாயும். ஹாலோ பிளாக் வாங்கினால் மேல் வரிசையின் துளைகளைக் கான்கிரீட் போட்டு அடைத்தே தீர வேண்டும். திறந்து விட்ட துளையில் மழைத் தண்ணீர் நின்று டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும்.

மரம் என்றால் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் ஓரளவு தாங்கும். தென்னஞ்சட்டம் மண்ணோடு ஒட்டியிருந்தால் சீக்கிரம் மட்கிவிடும். கறையானுக்குப் பயந்து மரத்தில் கழிவு ஆயில் பூசுவது நம் ஊரில் பழக்கம். காய்கறிப் பாத்தியில் அதைச் செய்யவே கூடாது. வண்டி எஞ்சினில் ஓடித் தேய்ந்த ஆயிலில் கன உலோகங்களும் புற்றுநோய் வரவைக்கும் பொருள்களும் சேர்ந்திருக்கும். கட்டடத்துக்கு அடிக்கும் கறையான் மருந்துக்கும் அதே தடைதான்.

மலிவாகவோ சும்மாவோ கிடைக்கும் பொருள்களில்தான் ஆபத்து அதிகம். பழைய ரயில் கட்டை கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியது. வெயில் ஏறினால் கருப்பாகக் கசியும், வாடை வரும். ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை வெட்டி நிறுத்தினால் வெட்டும்போதும் உடையும்போதும் பறக்கும் நார் நுரையீரலுக்குள் போய்த் தங்கும். கெமிக்கல் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் அது டிரம்தான், பாத்தி ஆகாது. பேக்கிங் பலகையில் ‘எம்.பி.’ முத்திரை இருந்தால் பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, ஒதுக்கிவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

உள் அளவு 4 × 8 அடி, சுவர் 6 அங்குலம் என்றால் வெளி அளவு 5 × 9 அடி. இதற்கு 16 × 8 × 6 அங்குல சாலிட் பிளாக் வரிசைக்கு 19 வீதம் மூன்று வரிசைக்கு 57. உடைவதையும் சேர்த்து 60 வாங்குங்கள். சிமென்ட் 2 மூட்டை, மணல் 8 கன அடி, ஒன்றரை அங்குல ஜல்லி 7 கன அடி. வடிகாலுக்கு முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் 8 அடி. பந்தல், நிழல்வலைக் கால்களுக்கு ஒன்றரை அங்குலக் குழாயில் 2 அடித் துண்டுகள் நான்கு.

கட்டும் வேலை

நான்கு முளை அடித்து நூல் கட்டுங்கள். வெளி அளவில் இரண்டு மூலைவிட்டங்களும் 10 அடி 3½ அங்குலம் வந்தால் மூலை சதுரம். வரவில்லை என்றால் முளையை நகர்த்துங்கள், பிளாக் வைத்த பிறகு திருத்த முடியாது. நூலை ஒட்டி 10 அங்குல அகலம், ஓரடி ஆழத்துக்குக் கடைகால் வெட்டி, அடியைத் திமிசு போட்டு இறுக்குங்கள். அதில் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் 4 அங்குலக் கான்கிரீட் போட்டு ரசமட்டம் பாருங்கள். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே உள் மூலைகள் நான்கிலும் ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டுகளைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்திவிடுங்கள். பின்னாளில் இதில் கம்பு செருகிக்கொள்ளலாம். பாத்திச் சுவரில் துளை போட்டுப் பந்தல் கட்டினால் காற்றடிக்கும்போது சுவரும் சேர்ந்து ஆடும்.

மறுநாள் முதல் வரிசை. இது முழுக்கத் தரைக்குள் இருக்கும், சுவர் கால் நழுவாமல் பிடிப்பது இதுதான். சாந்து 1:6, அதாவது சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு. பிளாக்கை வைக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள், காய்ந்த பிளாக் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிடிப்பு வராது. இணைப்பின் மேல் இணைப்பு வரக் கூடாது. மூலையில் ஒரு வரிசை நீளச் சுவர் தாண்டிப் போனால் அடுத்த வரிசை அகலச் சுவர் தாண்டிப் போக வேண்டும். மூலையில் மேலிருந்து கீழ்வரை நேராக விரிசல் விட்ட பாத்திகளில் இந்தப் பூட்டுதான் விட்டுப்போயிருக்கும்.

தரைக்கு மேல் வரும் முதல் வரிசையில்தான் வடிகால். இரண்டு அடிக்கு ஒன்று வீதம் செங்குத்து இணைப்பை ஒரு அங்குலமாக அகட்டி, அதன் அடியில் ஏழு அங்குலக் குழாய்த் துண்டு வையுங்கள். உள்முனையைவிட வெளிமுனை ஒரு விரல் தாழ்ந்திருக்கட்டும். உள்முனையில் நைலான் கொசுவலையை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டி, மண் நிரப்பும்போது அதன் எதிரில் இரண்டு கை ஜல்லி போடுங்கள். வலை இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் சேறு அடைத்துக்கொள்ளும், ஜல்லி இல்லாவிட்டால் வலையே அடைத்துக்கொள்ளும்.

அதன் மேல் இன்னொரு வரிசை. உச்சியில் சிமென்ட் பூசி, வெளிப்பக்கம் லேசாகச் சரிவு கொடுத்து, விளிம்பை உருட்டிவிடுங்கள். ஆறு அங்குல அகலம் என்பதால் அதிலேயே உட்கார்ந்து களை எடுக்கலாம். ஏழு நாள் காலையும் மாலையும் நீராற்ற வேண்டும். புதுச் சிமென்ட் மண்ணைக் காரமாக்கும், எனவே உள்சுவரை நன்றாகக் கழுவிவிட்டு, இன்னும் இரண்டு வாரம் விட்டு நிரப்புங்கள்.

அடித்தரை

பாத்திக்கு அடியில் பிளாஸ்டிக் விரிக்காதீர்கள், சிமென்ட் தளமும் போடாதீர்கள். தரையைக் கடப்பாரையால் முக்கால் அடி கிளறி விட்டால் வேர் கீழே இறங்கும், தண்ணீரும் இறங்கும். வடிகால் என்று சொல்லி அடியில் ஜல்லி அடுக்கும் வழக்கம் தவறானது. பொடி மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. மேலே மண் முழுக்க ஊறிச் சேறான பிறகுதான் சொட்டும். வேர் இருக்கும் இடத்திலேயே சேறு நிற்கும்.

கோரை இருக்கும் தரையில் அவசரப்படக் கூடாது. அட்டை விரித்து மூடினாலும் குத்திக்கொண்டு மேலே வரும். கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். பதினைந்து நாளில் மிச்சக் கிழங்கு முளைக்கும், மறுபடி தோண்டுங்கள். இப்படி இரண்டு சுற்று எடுத்த பிறகு நிரப்புங்கள். பெருச்சாளித் தொல்லை உள்ள இடத்தில் அரை அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய கம்பி வலை) விரித்து, ஓரங்களை உள்சுவரை ஒட்டி நாலு அங்குலம் மடித்து விடுங்கள். கம்பி முனை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கிழிக்கும்.

மண் கலவை

உள்ளே பிடிப்பது சுமார் 45 கன அடி. மண் அமர்ந்து குறையும் என்பதால் 55 கன அடிக்குக் கணக்குப் போடுங்கள், அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). செம்மண் 28, நன்கு மட்கிய தொழு உரம் 14, கழுவிய தென்னை நார்க்கழிவு 7, உமி 6 கன அடி. ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் சுமார் இரண்டரை கன அடி வரும், மூன்று கட்டி போதும். உப்பு போக இரண்டு முறை ஊறவைத்துப் பிழியுங்கள். இதோடு வேப்பம்புண்ணாக்கு ஒரு கிலோ, வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 100 கிராம்.

லாரியில் வரும் செம்மண்ணைக் கொட்டும் முன் பாருங்கள். கண்ணாடித் துண்டு, ஓட்டுச் சில்லு, சுண்ணாம்புக் கட்டி கிடந்தால் அது இடித்த கட்டடத்தின் மண், திருப்பி அனுப்புங்கள். தொழு உரக் குவியலில் ஓரடி உள்ளே கையை விடுங்கள். சூடாக இருந்தாலோ சாணி வாடை அடித்தாலோ இன்னும் மட்கவில்லை. பச்சை எரு வேரைப் பொசுக்கும். அதில் சுண்டுவிரல் தடிமனுக்கு வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் வண்டுப் புழுக்களும் சேர்ந்து வரும், பொறுக்கி எடுங்கள்.

கலந்த பிறகு ஒரு பிடி எடுத்து, லேசாக ஈரமாக்கி, உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். கை திறந்ததும் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் உதிர வேண்டும். தட்டியும் பிளக்காமல் கொழுக்கட்டை மாதிரி அமுங்கினால் களி அதிகம், உமியும் எருவும் கூட்டுங்கள். கை திறக்கும்போதே சரிந்தால் தண்ணீர் நிற்காது, எருவைக் கூட்டுங்கள். கார அமில நிலை 6 முதல் 7.5 வரை இருக்கலாம், மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்தபடி நிரப்புங்கள். மிதிக்க வேண்டாம். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிறுத்தினால்தான் மூடாக்குக்கு இடம் இருக்கும். ஆடிப்பட்டத்துக்கு விதைக்க வேண்டுமானால் வைகாசித் தொடக்கத்திலேயே கடைகால் வெட்டிவிட வேண்டும்.

தண்ணீரும் பராமரிப்பும்

நான்கு அடி அகலத்துக்கு மூன்று சொட்டுநீர்க் குழாய் வரிசை, அடிக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 2 லிட்டர் என்றால் 24 சொட்டுவான்களில் மணிக்கு 48 லிட்டர். வளர்ந்த செடிகளுக்கு நாளுக்குச் சுமார் 18 லிட்டர் தேவை, 22 நிமிடம் திறந்தால் போதும். கோடையில் அரை மணி. உப்பு ஏறிய போர் தண்ணீர் என்றால் சுவர் ஓரம் வெள்ளையாகப் பூக்கும். மழை நீரைச் சேர்த்து வைத்து, மாதம் ஒரு முறை வடிகால் குழாயில் தண்ணீர் வரும் அளவுக்கு நனைத்து உப்பைக் கழுவி இறக்குங்கள்.

முதல் போகத்துக்குக் கீரை, தட்டைப்பயறு போடுங்கள், மண் இன்னும் அமர்ந்துகொண்டிருக்கும். அடுத்து தக்காளி, கத்தரி இரண்டு அடி இடைவெளியில் எட்டுச் செடி. பன்னிரண்டு வைத்தால் காற்றோட்டமில்லாமல் இலைப்புள்ளி வரும். வருடத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மண் இறங்குவது இயல்பு, சித்திரையில் மட்கிய எரு போட்டு ஏற்றுங்கள்.

புரட்டாசி பிறந்ததும் இரண்டு வேலை. நிழல்வலையைக் கழற்றிவிடுங்கள், புயல் காற்றில் அது கப்பல் பாய் மாதிரி விரிந்து மூலைக் குழாயைப் பிடுங்கும். பிறகு ஒவ்வொரு வடிகால் குழாயிலும் ஒரு ஈர்க்குக் குச்சியை விட்டுப் பாருங்கள். எந்தக் குழாயில் குச்சி தடுக்கிறதோ அந்தப் பக்கம் கையளவு மண்ணை விலக்கி, வலையைக் கழுவி, ஜல்லியை மாற்றிப் போடுங்கள். சுவரடியில் வெளிப்பக்கம் பொந்து தெரிந்தால் பாம்பு குடியேறும் முன் சாந்து வைத்து அடைத்துவிடுங்கள்.