செட்டிநாட்டு வீட்டின் பழைய தேக்குக்கு எந்தப் பூச்சு?

செட்டிநாட்டுப் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது, நிலைக்கதவையும் தூண்களையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு முன், பர்மாத் தேக்கின் மேல் இப்போது இருக்கும் பூச்சு எது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். கண்ணில் படாத ஒரு மூலையில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் வைத்து எடுங்கள். பரப்பு பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால், அது பிரெஞ்சு பாலிஷ் எனப்படும் அரக்கு மெருகு. அதைச் சுரண்டி எறிவது பெரும் இழப்பு. அழுக்கைத் துடைத்துவிட்டு, அதன் மீதே மெல்லிய அரக்குக் கரைசலைப் பூசினால், புதியது பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். உளி பட்ட தடங்களும் காலம் தந்த நிறமும் அப்படியே நிலைக்கும்.

பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தால், பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த நிலையில் தேய்க்காமல், கையுறை அணிந்து, பெயின்ட் ரிமூவரால் இளக்கி எடுங்கள். தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையின் பூவேலை இடுக்குகளுக்கு இரும்புச் சுரண்டி வேண்டாம், மூங்கில் குச்சியே போதும்.

வெயிலும் சாரலும் படும் வாசற்கதவுக்கு அரக்கு தாங்காது; நீர் பட்டால் வெளுத்துவிடும். அங்கே பாலியூரித்தேன் வார்னிஷையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அது உரியத் தொடங்கினால் முழுவதையும் சுரண்ட நேரிடும்; ஆளிவிதை எண்ணெயையோ துடைத்துவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். எண்ணெய் தோய்ந்த துணிகளை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள்.