சம்பளமில்லாத இதழுக்கும் செலவு உண்டு: மருத்துவ அறவியல் இதழ்கள் பண விஷயத்தில் செய்யும் தவறுகள்

ஆசிரியருக்குச் சம்பளம் கிடையாது, கட்டுரைகளை மதிப்பிடும் டாக்டர்களுக்கும் கிடையாது, அப்புறம் என்ன செலவு என்று கேட்பார்கள். வெளியாட்கள் கேட்டால் பரவாயில்லை, இதழ் நடத்துகிறவர்களே அப்படி நினைத்துக்கொண்டு பட்ஜெட் போடுவதுதான் முதல் தவறு.

1993-இல் மும்பையில் சில டாக்டர்கள் ஒரு சின்ன இதழைத் தொடங்கினார்கள். ஃபோரம் ஃபார் மெடிக்கல் எதிக்ஸ் சொசைட்டி என்ற சங்கம் நடத்தும் அந்த இதழ்தான் 2004 முதல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ் என்ற பெயரில் வருகிறது. எழுதுகிறவரிடமும் காசு வாங்குவதில்லை, இணையத்தில் படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. இப்படி ஒன்றைத் தாங்களும் நடத்தலாம் என்று கிளம்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அறிவு உழைப்பு இலவசமாகக் கிடைத்துவிடும், அலுப்பான உழைப்பு கிடைக்காது. மொழி திருத்தம், பக்க வடிவமைப்பு, கட்டுரைகளைக் கணினிகள் படிக்கிற எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றுவது, சர்வர், ஆடிட்டர் ஃபீஸ் எல்லாமே காசு. ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் நிலையான அடையாளமாக இருக்கும் டிஓஐ எண்ணைத் தரும் கிராஸ்ரெஃப் அமைப்பின் மிகக் குறைந்த ஆண்டுக் கட்டணமே நெடுநாள் 275 டாலராக இருந்தது, அதற்கு மேல் ஒவ்வொரு புதுக் கட்டுரைக்கும் ஒரு டாலர். ஆய்விதழ் நடத்த உதவும் ஓஜேஎஸ் மென்பொருள் இலவசம்தான், ஆனால் அதை அப்டேட் செய்ய ஓர் ஆள் வேண்டும். நிராகரிக்கிற கட்டுரைக்கும் வேலை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். இலவசமாகச் செய்து தருகிற வேலைக்கும் சந்தை விலை என்ன என்று பட்ஜெட்டில் தனிப் பத்தி போட்டு எழுதிவையுங்கள், அந்த ஆள் ஒருநாள் விலகும்போது எவ்வளவு பணம் தேட வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்தது ஆயுள் சந்தா. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே தெரியும். ஒருவர் ஒரே தடவையில் சில ஆயிரம் ரூபாய் கட்டுவார், அந்த வருடம் கையில் பணம் புழங்கும், அச்சகக் கடனை அடைத்துவிடுவார்கள், பிறகு இருபது வருடம் அவருக்கு இதழ் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், தாள் விலை ஏறினாலும் தபால் செலவு ஏறினாலும். குறைந்த கட்டணத்தில் புத்தகம் அனுப்ப உதவிய பதிவுப் புத்தகத் தபாலை இந்திய அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது, அதை நம்பி விலை வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஆயுள் சந்தா வாங்கியே ஆக வேண்டுமென்றால் அந்தப் பணத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு வட்டியை மட்டும் எடுங்கள். நன்கொடையும் அப்படித்தான். மூலதன நிதிக்கு, அதாவது செலவழிக்காமல் வைத்திருக்கும் முதலுக்கு என்று கொடுத்தவர் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால்தான் வருமான வரிக் கணக்கில் அது மூலதன நிதி. வாய்ப் பேச்சை நம்பாமல் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

எந்தப் பணத்தை வாங்க மாட்டோம் என்பதைப் பணம் வருவதற்கு முன்பே எழுதிவைக்காதது இன்னொரு தவறு, என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே பெரியது. மருந்துக் கம்பெனி விளம்பரம் வேண்டாம் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே கம்பெனி ‘கல்வி உதவி’ என்று கருத்தரங்குக்குப் பணம் தந்தால்? ஒரு கட்டுரையின் மறுபதிப்பை ஆயிரக்கணக்கான பிரதிகள் விலைக்குக் கேட்டால்? கார்ப்பரேட் மருத்துவமனையின் அறக்கட்டளை வந்து நின்றால்? பணம் மேசைக்கு வந்த பிறகு கூடிப் பேசினால் வாங்குவதற்குத்தான் நியாயம் கிடைக்கும்.

2004-இல் தொடங்கிய பிஎல்ஓஎஸ் மெடிசின் என்ற மருத்துவ இதழ், மருந்து, கருவி விளம்பரங்களை வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. ஆனால் அதை நடத்திய அமைப்புக்கு ஒரு பெரிய அமெரிக்க அறக்கட்டளையின் 90 லட்சம் டாலர் இருந்தது, கட்டுரைக்கு 1,500 டாலர் என்று எழுதுகிறவரிடமும் வாங்கினார்கள். அதைப் பார்த்து நாமும் கொஞ்சமாக வாங்கலாமே என்று தோன்றும். இந்தியாவில் பதவி உயர்வுக்காகக் கட்டுரை வெளியிட வேண்டிய டாக்டர்கள் ஏராளம், அவர்களிடம் காசு வாங்கி எதையும் போடுகிற போலி இதழ்களும் ஏராளம். நீங்களும் வாங்கினால் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகத் தெரிய ஆரம்பிப்பீர்கள். தவிர, ஏற்றுக்கொண்ட கட்டுரைக்கு மட்டும்தான் காசு வரும் என்றால், கையில் பணமில்லாத மாதத்தில் ‘இதுவும் பரவாயில்லை’ என்று கை தளரும்.

வெளிநாட்டுப் பணத்துக்கு வருவோம். இணையதளத்தில் நன்கொடை பட்டன் வைத்துவிட்டு, லண்டனிலிருந்து ஒரு நண்பர் நூறு பவுண்டு அனுப்பினார் என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் எந்த பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்பதுதான் கேள்வி. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து தந்தால் சிக்கலில்லை. இந்திய வம்சாவளியாக இருந்தாலும் பிரிட்டிஷ் குடிமகன் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை, அதை வாங்க வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்குச் சாதாரணமாகச் சங்கத்துக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் தன் நோக்கங்களுக்குச் செலவழித்திருக்க வேண்டும். தன்னார்வலர்களால் ஓடுகிற இதழ் அவ்வளவு செலவழிப்பதே கஷ்டம், சிக்கனமாக இருந்ததற்கே தண்டனை மாதிரி! பதிவு கிடைத்தாலும் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இதில் ஒரு பொறியும் உண்டு. பதிவு பெற்ற செய்தித்தாளின் ஆசிரியரும் வெளியீட்டாளரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே அந்தச் சட்டம் தடை போடுகிறது. பத்திரிகைப் பதிவு எண் வைத்திருக்கும் பழைய ஆய்விதழ்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் அறிவியல், கல்விசார் இதழ்களைப் பருவ இதழ் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. அதனால் உங்கள் இதழ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு நல்ல ஆடிட்டரிடம் கேட்காமல் பட்டனை வைக்காதீர்கள். வெளிநாட்டுச் சந்தா வேறு விஷயம், அது விற்ற பொருளுக்கான விலை. அதையும் நன்கொடையையும் ஒரே ரசீதில் கலந்துவிடாதீர்கள்.

திட்ட நிதியில் இதழின் செலவுக்குப் பங்கு கேட்கக் கூச்சப்படுவதும் தவறுதான். பயிற்சிப் பட்டறைக்கு வந்த பணத்தில் பிறகு ரகசியமாக மொழி திருத்துநருக்குக் கொடுப்பதைவிட, விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்துக் கேட்டுவிடலாம். நன்கொடை தந்தவருக்கு வரிச் சலுகை கிடைக்க உதவும் 80ஜி ரசீது கொடுக்கிறீர்கள் என்றால் நன்கொடைப் பட்டியலை வருமான வரித் துறைக்கு மே 31-க்குள் அனுப்ப வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய். தன்னார்வப் பொருளாளர் லீவில் போயிருக்கிறார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

அப்புறம், இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எப்போதோ ஒரு தன்னார்வலர் தன் சொந்த கார்டில் வாங்கியிருப்பார், அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் போய்க்கொண்டிருக்கும். தவறவிட்ட முகவரியை வாங்கி, இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்தி, எழுதுகிறவர்களிடம் காசு பறிக்கிற கும்பல்கள் இருக்கின்றன. சங்கத்தின் பெயருக்கு மாற்றி, ஒரேயடியாகச் சில வருடங்களுக்குப் பணம் கட்டிவிடுங்கள், வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்களும் குறைந்தது மூன்று பேராக இருக்கட்டும்.