மூளையும் நடத்தையும்: பாடநூல் தேர்வில் நேரும் தவறுகள்

பாளையங்கோட்டைப் பக்கம் உளவியல் படிப்பவர்கள் மூளை நரம்பியல் நூல் தேடும்போது, "எது சிறந்தது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். யாருக்கு என்று சேர்க்காத வரை அக்கேள்விக்கு விடையில்லை. நரம்பியல் அறிஞர் எரிக் கேண்டெலும் பிறரும் 1981இல் தொடங்கிய 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் நியூரல் சயின்ஸ்' 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் 1,500 பக்கங்களைத் தாண்டுகிறது. மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படிப்பவருக்கு அது துணை; நரம்பணுவின் உள்ளும் புறமும் நடக்கும் அயனிகளின் (மின்னூட்டத் துகள்களின்) போக்குவரத்தே பிடிபடாத இளங்கலை மாணவர் பெயருக்காக அதை வாங்கினால், அலமாரிக்குத்தான் அழகு.

பழைய பதிப்பு என்பதாலேயே ஒரு நூலை ஒதுக்குவதும் தவறே. நரம்பின் மின்துடிப்புக்கு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1952இல் தந்த விளக்கம் இன்றும் அடித்தளமாக நிற்கிறது. ஆனால், புதிய அட்டைக்குள் பழைய செய்தி ஒளிந்திருப்பதும் உண்டு. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களும், கிட்டத்தட்ட அதே அளவு பிற உயிரணுக்களும் இருப்பதாக 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதற்குப் பின் வந்த நூலொன்று, கிளியா அணுக்கள் (நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் உயிரணுக்கள்) நரம்பணுக்களைப் போலப் பத்து மடங்கு என்று இன்னும் எழுதினால், அந்த அத்தியாயம் திருத்தப்படாமலே மறு அச்சுக்குப் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

விலைக்கு அஞ்சி ஜெராக்ஸ் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படங்களில் செயல்பாடு கூடியதைச் சிவப்பாகவும் குறைந்ததை நீலமாகவும் காட்டுவது வழக்கம். கறுப்பு வெள்ளை நகலில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அப்படங்கள் நரம்பணுவை நேரே காட்டுவதுமில்லை, இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தையே காட்டுகின்றன. இதைச் சொல்லாமல் "காதலின் இடம் இதுதான்" என்று வட்டம் போடும் நூல் எவ்வளவு கனமாயிருந்தாலும் பாடநூலாகாது.

பொதுவாசகருக்கான நூலைப் பாடநூலுக்கு மாற்றாகக் கொள்வது, எல்லாவற்றினும் பெரிய தவறு. அவற்றில் சுவையாகச் சொல்லப்படும் சோதனைகள் பல, ஒருமுறை மட்டுமே செய்யப்பட்டவை. 100 உளவியல் ஆய்வுகளை மறுபடியும் செய்து பார்த்து 2015இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ 36 சதவீதத்தில்தான் புள்ளியியல் ஆதாரம் மீண்டும் கிடைத்தது.

ஆகவே, இரண்டு நூல்களுக்கிடையே தயங்குபவர் மாவட்ட மைய நூலகத்திலோ கல்லூரி நூலகத்திலோ அமர்ந்து, இரண்டிலும் அச்சம் பற்றிய பகுதியை மட்டும் படித்துப் பார்க்கலாம். மூளையின் உட்பகுதியான அமிக்டலாவை "அச்சத்தின் மையம்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் நூலை விட்டுவிட்டு, அம்முடிவு எலியிடம் கண்டதா மனிதரிடம் கண்டதா, எத்தனை பேரிடம் கண்டது என்று சொல்லும் நூலை எடுக்கலாம்.