கத்திரி வெயிலில் ஆக்சலாட்டல்: கரையோர ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்சலாட்டல் மீன் அல்ல, வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும் ஒரு சாலமாண்டர், தவளையின் உறவு. அதன் பூர்வீகம் மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். நம் ஊட்டி இருக்கிற உயரம். ஆக்சலாட்டலுக்கு இதமான தண்ணீர் 16 முதல் 18 டிகிரி. 20 வரை சமாளிக்கும். 24-ஐத் தாண்டிய தண்ணீரில் சில நாள் கிடந்தாலே உடம்பு இறங்கிவிடும். புதுச்சேரியிலும் கடலூரிலும் மே மாதம் வீட்டுக்குள் வைத்த வாளித் தண்ணீரே 30-ஐத் தொடும். இந்த 12 டிகிரியை எப்படிக் குறைப்பது என்கிற இடத்தில்தான் ஆளுக்கொரு தவறு செய்கிறோம்.

முதல் தவறு, ஃபேனை நம்புவது. தொட்டிக்கு மேல் ஃபேன் வைத்தால் தண்ணீர் ஆவியாகிக் குளிரும் என்பது உண்மைதான். மண்பானை குளிர்வதும் அப்படித்தான். ஆனால் காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாவது குறைந்துவிடும். வெயில் 35 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம் என்றால் எத்தனை ஃபேன் வைத்தாலும் தண்ணீர் 27-க்குக் கீழே வராது. பெங்களூரில் பலிக்கும் வழி கடற்காற்று வீசும் ஊரில் பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

இதைவிட மோசம், சில்லரும் (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) ஃபேனும் சேர்த்துப் போடுவது. 18 டிகிரித் தண்ணீர்மேல் நம் ஊர்க் காற்றை ஊதினால், டம்ளர் ஐஸ் தண்ணீரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல, காற்றின் ஈரம் தண்ணீர்மேலேயே படிந்து சூட்டை உள்ளே இறக்கும். சில்லர் ஓடும் தொட்டிக்கு மூடிதான் வேண்டும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒரு அங்குலத் தெர்மாகோல் ஒட்டுங்கள். முன்கண்ணாடி வியர்த்து ஸ்டாண்டு வழியாகச் சொட்டும். அடியில் பிளக் போர்டு இருக்கவே கூடாது. ஒயர்கள் பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறிச் செல்லட்டும். சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

சில்லர் வாங்கும்போது கம்ப்ரசர் உள்ளதாகவே வாங்குங்கள். கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விக்கும் சின்னப் பெல்டியர் கருவிகள் இந்த வெயிலுக்குச் சில டிகிரிக்கு மேல் இழுக்காது. அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு மிதமான அறைக்கானது. நமக்கு ஒரு அளவு பெரியதே சரி. அதை ஸ்டாண்டின் கதவுக்குள் அடைத்துவைப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. தான் விடும் சூட்டையே திரும்ப உறிஞ்சி நாள் முழுக்க ஓடும், தண்ணீர் மட்டும் குளிராது. நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். பின்புறத் தகட்டுத் தூசியை மாதம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள்.

ஐஸ் பாட்டில் அவசரத்துக்கு உதவும், பிழைப்புக்கு ஆகாது. 80 லிட்டர் தொட்டியில் 1 லிட்டர் ஐஸ் முழுக்க உருகினால் ஏறக்குறைய 1 டிகிரிதான் குறையும். 30-லிருந்து 18-க்கு வர ஒரு டஜன் பாட்டில் வேண்டும், அதுவும் சூடு திரும்ப ஏறும்வரைதான். பகலில் 20, இரவில் 27 என்று ஏறி இறங்குவது அந்த உயிரை இன்னும் வதைக்கும். ஐஸ் கட்டியை நேராகத் தண்ணீரில் போடவே வேண்டாம்.

தண்ணீர் மாற்றும்போது மதிய நேரத்து மாடித் தொட்டிக் குழாயைத் திறக்காதீர்கள். கை வைக்க முடியாத சூட்டில் வரும். விடியற்காலையில் பிடித்து, குளோரின் நீக்கி, தொட்டியின் வெப்பநிலைக்கு 2 டிகிரி வித்தியாசத்துக்குள் கொண்டுவந்து ஊற்றுங்கள். கடலோரப் போர்வெல் தண்ணீரென்றால் உப்பைச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.

வெயில் நாளில் வழக்கமான தீனி போடுவதும் ஆபத்துதான். எஞ்சிய மண்புழு சீக்கிரம் அழுகி அமோனியா ஏறும். பிஎச் 8 உள்ள தண்ணீரில், மொத்த அமோனியாவில் விஷமான வடிவத்தின் பங்கு 20 டிகிரியில் சுமார் 4 சதவீதம், 30 டிகிரியில் 7 சதவீதத்துக்கு மேல். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. பாதிப் புழு போதும். மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

செவுள்கள் முன்பக்கமாக வளைவது, வால்நுனி சுருள்வது, தீனியை மறுப்பது, செவுளில் பஞ்சுபோல் வெள்ளை படிவது: இதில் எதைப் பார்த்தாலும் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள். கடைக்கார மீன் மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மீனுக்கு ஒத்துக்கொள்ளும் பல மருந்துகள் ஆக்சலாட்டலின் மெல்லிய தோலுக்கு ஆகாது. ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவும் செத்துவிடலாம்.

சில்லர் பழுதாகி நின்றுவிட்டால் கடைசி வழி ஃப்ரிட்ஜ். மூடியில் துளையிட்ட டப்பாவில் குளோரின் நீக்கிய தண்ணீர் நிரப்பி, அதில் ஆக்சலாட்டலை விட்டு அடித்தட்டில் வைக்கலாம். ஆனால் 30 டிகிரியிலிருந்து நேராக உள்ளே தள்ளாதீர்கள். டப்பாவுக்கு வெளியே ஐஸ் பாட்டிலைச் சாய்த்துவைத்து, சில மணி நேரத்தில் 20-க்குக் கொண்டுவந்த பிறகே வையுங்கள். தினமும் முழுத் தண்ணீரையும், அதே ஃப்ரிட்ஜில் குளிரவைத்த தண்ணீரால் மாற்ற வேண்டும். தொட்டி 18-க்கு இறங்கியதும் டப்பாவை வெளியே எடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள். இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே எண்ணைக் காட்டும்வரை அதை உள்ளே விட வேண்டாம்.