வீட்டில் நாய்க்குட்டி விற்கிறீர்களா? திருடு போகாமல் விற்பது எப்படி: முதல்முறை விற்பவர்களுக்கான செய்முறை

வீட்டு நாய் முதல்முறையாகக் குட்டி போட்டிருக்கிறது. ஏழெட்டுக் குட்டிகள். அத்தனையையும் நாமே வைத்துக்கொள்ள முடியாது, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் ஊர் இனங்களை மனதில் வைத்து எழுதியிருந்தாலும், லேப்ரடார் வைத்திருப்பவருக்கும் இதே முறைதான்.

திருடுபவனுக்கு நாய்க்குட்டி வசதியான பொருள். ஒரு கட்டைப்பைக்குள் அடங்கிவிடும், மறுநாளே வேறு ஊரில் விற்றுவிடலாம், வாங்குபவர் ரசீது கேட்கமாட்டார். பால் மறந்து தானாகச் சாப்பிடத் தொடங்கிய ஐந்தாவது வாரத்திலிருந்து, வாங்கியவர் எடுத்துப்போகும் எட்டாவது வாரம் வரை ஆபத்து அதிகம். அதே நாட்களில்தான் நாமே விளம்பரம் போட்டு, முகவரி கொடுத்து, முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குக் கூப்பிடுகிறோம். இரவில் வருகிறவன் பகலில் ஒருமுறை விலை கேட்டு வந்து போனவனாக இருக்கலாம். அதனால் இந்தச் செய்முறை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகும்: எந்தக் கட்டத்தில், யாருக்கு, எவ்வளவு தெரியலாம்?

படி 1: முதல் வாரத்திலேயே ஒவ்வொரு குட்டிக்கும் கணக்கு

ஒரு குட்டியைக் காட்டி "இது என்னுடையது" என்று நீங்கள் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று போலீஸ் கேட்கும். அதற்கான பதிலை முதல் வாரத்திலேயே தயார் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நிறத்தில் கம்பளி நூல் எடுத்து, கழுத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். குட்டி வேகமாக வளரும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டியே ஆக வேண்டும், இறுகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஒரு நோட்டில் நூலின் நிறம், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, எடை, உடம்பில் உள்ள அடையாளம் ஆகியவற்றை எழுதுங்கள்.

கன்னி குட்டி என்றால் அடையாளம் சுலபம். நெஞ்சில் வெள்ளைத் திட்டு எந்த வடிவத்தில் இருக்கிறது, எந்தக் காலில் விரல் நுனி வெளுத்திருக்கிறது என்று எழுதிவிடலாம். ராஜபாளையம் குட்டிகள்தான் சிரமம். எல்லாமே பால் வெள்ளை, பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். அங்கே மூக்கையும் வயிற்றையும் பாருங்கள். இளஞ்சிவப்பு மூக்கில் புள்ளி ஏதும் இருக்கிறதா, எந்தப் பக்கம்? மல்லாக்கப் படுக்க வைத்தால் அடிவயிற்றுத் தோலில் திட்டு தெரிகிறதா, நகங்களின் நிறம் என்ன? இவற்றைப் பகல் வெளிச்சத்தில் கிட்டப் போய்ப் படமெடுங்கள். குட்டிகள் தாயிடம் பால் குடிப்பதை, உங்கள் வீட்டுத் தரையும் சுவரும் தெரியும்படி ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள். அது உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும், யாருக்கும் அனுப்பக் கூடாது.

படி 2: தெருவுக்குத் தெரியாத இடம்

வாசல் திண்ணை, கார் நிறுத்தும் இடம், கம்பி வேலிக்குப் பக்கத்துக் கொட்டகை, மொட்டை மாடி ஆகியவை வேண்டாம். பூட்டக்கூடிய உள்ளறை நல்லது. தோட்டத்துக் கொட்டகையைத் தவிர வேறு இடமில்லை என்றால், படுக்கும் அறையின் ஜன்னல் பக்கமாக இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கேட்டில் தாழ்ப்பாள் அசைந்தால் சத்தம் வரும்படி ஒரு மணி தொங்கவிட்டாலே பாதி வேலை முடிந்தது. சிசிடிவி வைப்பதாக இருந்தால், ஆள் வரும் வழியையும் வண்டி நிற்கும் இடத்தையும் பார்க்கும்படி வையுங்கள். தூங்கும் குட்டிகளைப் படம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

"தாய் நாய் இருக்கிறதே, யார் கிட்டே போவான்?" என்று பலர் கேட்பார்கள். குட்டி போட்ட நாய் முரட்டுத்தனமாகக் காவல் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் குட்டி பால் மறக்கும் பருவத்தில் அதுவே அலுத்துப்போய்த் தள்ளிப் படுக்க ஆரம்பித்துவிடும். கறித்துண்டில் மயக்க மருந்து வைத்துப் போடுகிறவர்களும் உண்டு. அதனால் இரவில் தாயும் குட்டிகளும் ஒரே பூட்டுக்குள் இருக்கட்டும்.

படி 3: எட்டு வாரம், தடுப்பூசி, மைக்ரோசிப்

நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசி போட்டு மைக்ரோசிப் வைத்திருக்க வேண்டும். இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். ஊரில் 30 நாள் குட்டிகளைக் கைமாற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது குட்டிக்குச் செய்யும் கொடுமை. தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்க வேண்டிய நாட்களை அது இழந்துவிடுகிறது.

மைக்ரோசிப் அரிசி அளவுதான் இருக்கும். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் கால்நடை மருத்துவர் ஊசி மூலம் செலுத்துவார். ஸ்கேனர் வைத்தால் 15 இலக்க எண் தெரியும். இது ஜிபிஎஸ் இல்லை, குட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லாது. யாருடையது என்ற சண்டை வரும்போது இதுதான் பேசும். சிப் எண் ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, உங்கள் பெயர் எழுதிய பக்கத்தோடு சேர்த்துப் படமெடுத்து வையுங்கள்.

படி 4: விளம்பரம்

என்ன இனம், எத்தனை வாரம், ஆணா பெண்ணா, தடுப்பூசி விவரம், எந்த ஊர். இவ்வளவு போதும். தெருப் பெயர், "பஸ் ஸ்டாண்டு பின்புறம்" போன்ற அடையாளம், மொத்தம் எத்தனை குட்டி மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் வேண்டாம். "மாலை 6 மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்போம்" என்று அன்போடு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும் என்று ஊருக்கே சொல்லும் வரி அது.

படத்தின் பின்னணியைக் கவனியுங்கள். கதவு எண், பைக் நம்பர், கடைப் பலகை, கொட்டகையின் பூட்டு எதுவும் தெரியக் கூடாது. வெற்றுச் சுவருக்கு எதிரே ஒரு துணி விரித்து எடுத்துவிடலாம். கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுப் படமெடுங்கள். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பும் படத்தில் எடுத்த இடத்தின் விவரம் அப்படியே ஒட்டிக்கொண்டு போகும். குடும்பத்தில் பிள்ளைகள் ஸ்டேட்டஸ் வைப்பார்கள், அவர்களிடமும் சொல்லி வையுங்கள். விளம்பரத்துக்குத் தனி சிம் இருந்தால் நல்லது.

படி 5: போனில் ஆளை எடைபோடுவது

உண்மையில் வளர்க்கப்போகிறவர் குட்டியைப் பற்றிக் கேட்பார். என்ன சாப்பிடுகிறது, பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள், தாய் எப்படிப்பட்ட குணம், அப்பார்ட்மென்டில் வைக்கலாமா என்றெல்லாம் கேட்பார். வீட்டில் யார் யார் இருப்பீர்கள், குட்டியை எங்கே கட்டியிருக்கிறீர்கள், லொக்கேஷன் உடனே அனுப்புங்கள் என்று ஒருவர் வீட்டைப் பற்றியே கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். விலையே பேசாமல் "எல்லாக் குட்டியையும் எடுத்துக்கிறேன்" என்பவரிடமும் கவனம் தேவை.

பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணே, குட்டி இருக்கா? லொக்கேஷன் போடுங்க, இப்பவே கிளம்பி வர்றேன்."

"இருக்கு தம்பி. முதல்ல சாயங்காலம் வீடியோ காலில் பேசுவோம். உங்க வீட்டையும் காட்டுங்க, நானும் குட்டியையும் தாயையும் காட்டுறேன். பிடிச்சிருந்தா நாள் குறிச்சிக்கலாம்."

"இல்லண்ணே, பக்கத்துலதான் நிக்கிறேன்..."

"டாக்டர் சொல்லியிருக்கார் தம்பி, முன்கூட்டிச் சொல்லாம யாரும் வரக் கூடாதுன்னு. கோவிச்சுக்காதீங்க."

குட்டி வேண்டும் என்கிறவர் சாயங்காலம் வரை காத்திருப்பார். வீடியோ காலில் முகம் காட்ட மறுப்பவருக்கு முகவரி கிடையாது.

படி 6: பார்க்க வரும்போது

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் நம் உபசரிப்புப் பழக்கமே இங்கே நமக்கு எதிராகத் திரும்பும். இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் விலை பேசுவார். இன்னொருவர் "அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்பார். நாம் சமையலறைக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வருவதற்குள் ஒரு குட்டி பைக்குள் போய்விடும், அல்லது கொட்டகைப் பூட்டைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள்.

அதனால் அவர்கள் வருவதற்கு முன்பே முன்னறையில் தண்ணீர்ச் செம்பும் டம்ளரும் வைத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், ஒருவர் கண் எப்போதும் வந்தவர்கள் மேல் இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஒரு நேரத்துக்கு ஒரு குடும்பம் மட்டும். அவர்கள் கேட்ட குட்டியையும் தாயையும் மட்டும் முன்னறைக்குக் கொண்டு வாருங்கள், மற்றவை உள்ளே பூட்டியிருக்கட்டும். பை, ஹெல்மெட் எல்லாம் வாசலிலேயே இருக்கட்டும். அவர்கள் வருமுன் ஒருமுறை, கிளம்பும்போது அவர்கள் கண்முன் ஒருமுறை குட்டிகளை எண்ணுங்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொட்டகையைக் காட்டமாட்டேன் என்று சொல்லச் சங்கடமாக இருக்கிறதா? பார்வோ வைரஸைச் சொல்லுங்கள். அது சாக்கு இல்லை, மெய்யான காரணம். செருப்பிலும் கையிலும் துணியிலும் ஒட்டிவந்து, தடுப்பூசி முழுமை பெறாத குட்டிகளைக் கொன்றுவிடும் நோய் அது. செருப்பை வெளியே விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று எல்லோரிடமும் ஒரேபோலச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வரவழைக்கவே மனம் ஒப்பவில்லை என்றால், முதல் சந்திப்பை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அவர் கிளினிக்கில் வையுங்கள். ஆனால் நல்ல வாங்குநர் தாய் நாயைப் பார்க்க விரும்புவார், அது அவருடைய உரிமை. தாயைப் பார்க்காமல் குட்டி வாங்குவதுதான் திருட்டுக் குட்டிக்குச் சந்தை உண்டாக்குகிறது.

படி 7: பணம்

பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் போட வேண்டியதில்லை. "நான் அனுப்பும் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள், உங்களுக்குப் பணம் வரும்" என்றால் அது மோசடி. ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, ஆள் அனுப்புகிறேன் என்று அடையாள அட்டைப் படத்தோடு வரும் கதையும் பழைய மோசடிதான். வாங்குபவர் போனில் காட்டும் "வெற்றி" படத்தை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுக் குட்டியைக் கொடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

விற்பனைத் தாள் இரண்டு பிரதி எழுதுங்கள். தேதி, தொகை, குட்டியின் சிப் எண், அடையாளம், இருவர் பெயர், முகவரி, கையெழுத்து. வாங்குபவரின் அடையாள அட்டையை நேரில் பார்த்துப் பெயரைச் சரிபாருங்கள்.

படி 8: மீறியும் திருடு போய்விட்டால்

காலடித் தடம், பூட்டு எதையும் தொடாமல் படமெடுத்துவிட்டு, அன்றே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நாய்தானே என்று யாராவது சொன்னால் தயங்க வேண்டாம். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் திருட்டை விளக்கும்போதே, தீனி காட்டி அடுத்தவர் நாயைத் தன் பின்னால் வரச் செய்பவனை உதாரணமாகச் சொன்னது. நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கிய அந்தக் கணமே திருட்டு முடிந்துவிட்டது என்றது. அதே உதாரணம் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவிலும் இருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை. குடியிருக்கும் வீட்டுக்குள்ளிருந்து திருடினால் 305-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை.

புகாரில் இரண்டு விஷயத்தைத் தெளிவாக எழுத வேண்டும். ஒன்று, குட்டி வீட்டுக்குள் எந்த அறையிலிருந்து போனது. இன்னொன்று, மதிப்பு. 5,000 ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டில் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது என்பதால், நீங்கள் விளம்பரத்தில் போட்ட விலை, தடுப்பூசி, சிப் செலவு ஆகியவற்றை ஆதாரத்தோடு இணையுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பிறகு சுற்றுவட்டாரக் கால்நடை மருத்துவமனைகளுக்கும் செல்லப்பிராணிக் கடைகளுக்கும் சிப் எண்ணைச் சொல்லி வையுங்கள். விற்பனை விளம்பரங்களைத் தினமும் பாருங்கள். குட்டியின் படத்தைப் பரப்பும்போது ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். "உங்க குட்டி என்கிட்ட இருக்கு, முதல்ல பணம் போடுங்க" என்று வருபவரிடம் அதைக் கேட்கலாம். தனியாகப் போய்ச் சந்திக்க வேண்டாம், சந்திப்பு காவல் நிலையத்தில்தான்.

இதற்கிடையில் தாயை மறந்துவிடாதீர்கள். பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் ஒரேயடியாகப் போய்விட்டால் அதன் மடி கட்டிக்கொள்ளும். மடி சூடாக, சிவந்து, கல்லாக இருந்தாலோ தாய் சாப்பிடாமல் கிடந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டி திரும்பக் கிடைத்துவிட்டால் முதலில் ஸ்கேனரில் சிப்பைச் சரிபாருங்கள். எங்கெல்லாம் இருந்து வந்ததோ தெரியாது என்பதால், இரண்டு வாரம் மற்றக் குட்டிகளிடமிருந்து தனியாக வைத்து, வாந்தி, ரத்தக் கழிச்சல், சோர்வு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.