நல்ல ஒப்பந்தமா, கெட்ட ஒப்பந்தமா? பேஸ்பால் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்ரிக் கார்பின் பெயரை எடுத்தாலே வாஷிங்டன் நேஷனல்ஸ் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். 2018 டிசம்பரில் இந்த இடதுகை பிட்சரை (பந்து வீசுபவரை) 6 ஆண்டுகளுக்கு 14 கோடி டாலர் கொடுத்து அணி எடுத்தது. முதல் சீசனிலேயே 202 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) வீசி தன் பெயரில் 14 வெற்றிகள் பெற்றார். 2019 அக்டோபர் 30, ஹூஸ்டன், கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். மேக்ஸ் ஷெர்சர் 5 இன்னிங்ஸ் வீசிவிட்டு இறங்க, அடுத்து வந்த கார்பின் 3 இன்னிங்ஸில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. நேஷனல்ஸின் முதல் கோப்பையைத் தந்த அந்த வெற்றி பதிவேட்டில் அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்புறம் ஒரே சரிவு. 2021இல் 16 தோல்விகள், 2022இல் 19, 2023இல் 15.

"ஒரு கோப்பைக்கு 14 கோடி மலிவு" என்கிறது ஒரு கட்சி. "மீதி ஐந்து வருடப் பணமும் தண்டம்" என்கிறது இன்னொன்று. இரு தரப்பும் செய்வது ஒரே தவறுதான். பின்னால் நடந்ததை வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட நாளுக்குத் தீர்ப்பு சொல்கிறார்கள். பேஸ்பால் ஒப்பந்த வாதங்களில் இதைவிடப் பரவலான தவறு எதுவும் இல்லை என்பேன்.

அந்த டிசம்பரில் என்ன தெரிந்திருந்தது? கார்பினுக்கு வயது 29. அரிசோனா அணிக்காக அந்த சீசனில் 200 இன்னிங்ஸ் வீசி 246 பேரைப் பந்தை அடிக்கவிடாமலே ஸ்ட்ரைக்அவுட் செய்திருந்தார். முழங்கையில் ஒருமுறை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நேஷனல்ஸ் பக்கம் பிட்சர்கள் ஷெர்சரும் ஸ்ட்ராஸ்பர்க்கும் உச்சத்தில் இருந்தார்கள். மட்டையாளர் வான் சோட்டோவுக்கு வயது 20. இன்னொரு மட்டையாளர் ஆன்டனி ரெண்டோனுக்கு ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம் மிச்சம். கோப்பை வெல்ல வேண்டுமென்றால் அதுதான் சமயம். முப்பதைத் தாண்டிய பிட்சர் கடைசி இரண்டு மூன்று வருடங்களில் தளர்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் சில வருட உழைப்புக்காக அதையும் சேர்த்துத்தான் விலை பேசுகிறார்கள். எதிர்பாராதது, சரிவு இரண்டாம் வருடமே தொடங்கியது. ஆகவே என் கணிப்பில் முடிவு சரி, பின்பாதி மோசம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் எந்த முரணும் இல்லை.

இதன் நெருங்கிய உறவுதான் அடுத்த தவறு: எடுத்த முடிவை, நிஜமாக இருந்த மாற்று வழியோடு ஒப்பிடாமல் கற்பனையோடு ஒப்பிடுவது. 2019 கோப்பைக்குப் பிறகு, உலகத் தொடரின் சிறந்த வீரரான ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தார்கள். ரெண்டோன் போய்விட்டார். ஸ்ட்ராஸ்பர்க் அதற்குப் பிறகு வீசியது மொத்தம் 8 ஆட்டங்கள். தோள், கழுத்துப் பகுதி நரம்புக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை, நீண்ட வேதனை, 2024இல் ஓய்வு. "பிட்சரை விட்டுவிட்டு ரெண்டோனை வைத்திருக்கலாமே" என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. ரெண்டோன் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸில் வாங்கியதும் அதே 7 ஆண்டு, அதே 24.5 கோடி. 2021 முதல் எந்த சீசனிலும் அவர் 60 ஆட்டங்களைத் தொடவில்லை. 2025இல் ஒன்றுகூட ஆடவில்லை. இருந்த இரண்டு கதவுகளும் ஒரே பள்ளத்தில்தான் திறந்தன. விவாதிக்க நியாயமான கேள்வி வேறு: முப்பதை ஒட்டிய ஒருவருக்கு, அதுவும் காய வரலாறு உள்ள ஒருவருக்கு, ஏழு வருடம் எதற்கு? அந்தக் கேள்வியைக் கையெழுத்தான அன்றே கேட்டிருக்க முடியும் என்பதால் அதற்கு மதிப்பு உண்டு.

அடுத்தது, தலைப்புச் செய்தியில் வரும் தொகையை மட்டும் பார்ப்பது. நேஷனல்ஸின் நட்சத்திர மட்டையாளராக இருந்த பிரைஸ் ஹார்ப்பர் விஷயத்தில் இது வருடக்கணக்கில் நடந்தது. 2018 செப்டம்பரில் நேஷனல்ஸ் அவருக்கு 10 ஆண்டு, 30 கோடி டாலர் பேசியது. 2019 மார்ச்சில் அவர் 13 ஆண்டு, 33 கோடிக்கு பிலடெல்பியா பில்லீஸில் சேர்ந்தார். வகுத்துப் பார்த்தால் வாஷிங்டன் வருடத்துக்கு 3 கோடி, பிலடெல்பியா சுமார் 2.54 கோடி. "அதிகம் கொடுத்தும் போய்விட்டார், துரோகி" என்று ஆத்திரப்பட்டவர்கள், வாஷிங்டன் தர முன்வந்ததில் கணிசமான பகுதி பல வருடங்கள் தள்ளித் தரப்படும் பணம் என்பதைப் பார்க்கவில்லை. பில்லீஸ் எதையும் தள்ளிவைக்கவில்லை. அவர் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்ற உரிமையும் கொடுத்தது. வீட்டுக்கடன் கட்டும் எவருக்கும் தெரியும், இருபது வருடம் கழித்து வரும் பணமும் இன்று வரும் பணமும் ஒன்றாகாது.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடு ஷோஹெய் ஓட்டானி போட்ட 70 கோடி டாலர் ஒப்பந்தம் இதன் உச்சம். 10 ஆண்டு ஒப்பந்தத்தில் அவர் வருடம்தோறும் வாங்குவது 20 லட்சம். மீதி 68 கோடியை டாட்ஜர்ஸ் 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் கொடுக்கும். அணியின் மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் விதிக்கும் ஆடம்பர வரிக் கணக்கில் இது வருடத்துக்கு 7 கோடியாக ஏறவில்லை, சுமார் 4.6 கோடியாகத்தான் ஏறுகிறது. ஒரு ஒப்பந்தம் பெரியதா சிறியதா என்று பேசும் முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: எத்தனை வருடம், எவ்வளவு தள்ளிவைத்தது, நடுவில் விலகும் உரிமை யாருக்கு, அணி மாற்ற யார் சம்மதம் வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2015இல் ஷெர்சருக்கு 7 ஆண்டுக்கு 21 கோடி பேசியபோது அதில் பாதியை நேஷனல்ஸ் தள்ளிவைத்தது. அதனால் 2028 வரை வருடத்துக்கு 1.5 கோடி அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். "இங்கே வீசாதவருக்கு ஏன் இன்னும் சம்பளம்?" என்ற புலம்பல் தவறு. அது 2015 முதல் 2021 வரை செய்த வேலைக்கான பாக்கி. அந்த வேலையில், சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருதுகள் இரண்டும் ஒரு கோப்பையும் அடக்கம். என்னைக் கேட்டால், இந்த அணி போட்ட கையெழுத்துகளிலேயே சிறந்தது அதுதான்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே எல்லா அணிக்கும் ஒரே பணப்பை, ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பு கிடையாது. 2026க்கு 24.4 கோடி டாலர் என்ற ஆடம்பர வரிக் கோடு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு முதல் தடவை 20 சதவீதம் வரி, தொடர்ந்து தாண்டினால் 30, அப்புறம் 50, மிக அதிகமாகத் தாண்டினால் அதற்கு மேலும். செலவழிக்கக்கூடாது என்ற தடை எங்கும் இல்லை. "இவரை விட்டால் அந்தப் பணத்தில் இரண்டு பேரை வாங்கலாம்" என்ற வாதம் இங்கே தானாக நிற்காது. மிச்சப்பட்ட பணம் உரிமையாளரிடமே தங்கிவிடலாம். 2022இல் சோட்டோவை வேறு அணிக்கு அனுப்பிய பிறகு வந்த மூன்று குளிர்காலங்களில் நேஷனல்ஸ் பெரிய தொகைக்கு எந்த ஃப்ரீ ஏஜென்ட்டையும் (எந்த அணியிலும் சேரும் உரிமை உள்ள ஆட்டக்காரரையும்) எடுக்கவில்லை. பால்டிமோர் ஓரியோல்ஸோடு பல வருடம் இழுத்த தொலைக்காட்சி வருமானத் தகராறைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு; அது 2025 மார்ச்சில் தீர்ந்தது. இனி அந்தக் காரணம் செல்லாது.

சரி, இப்போது ரோஸ்டர், அதாவது யார் மேலே மேஜர் லீகில், யார் கீழ்நிலையான மைனர் லீகில் என்ற பட்டியல். "நன்றாக ஆடுகிறவனை மைனர் லீகில் வைத்துவிட்டு, இவனை ஏன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்?" இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. பெரும்பாலும் விடை திறமையில் இல்லை, விதிகளில் இருக்கிறது. ஆட்டத்துக்குத் தயாராக 26 பேர். அதற்குப் பின்னால் 40 பேர் கொண்ட பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ள ஒருவரைப் பொதுவாக மூன்று சீசன்களில்தான் தாராளமாக மைனர் லீகுக்கு அனுப்பி அழைக்கலாம். மூன்றும் தீர்ந்தவரை அனுப்ப வேண்டுமானால் மற்ற 29 அணிகளுக்கும் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். ஆக, இரண்டு பேர் சம திறமை என்றால், அனுப்ப வழி உள்ள இளைஞர் கீழே போவார், வழி தீர்ந்தவர் மேலே இருப்பார்.

நாசிம் நூன்யஸ் நல்ல உதாரணம். 2023 டிசம்பரில், பிற அணிகளின் 40 பேர் பட்டியலில் இல்லாதவர்களை எடுக்கும் 'ரூல் 5' தேர்வில் மயாமி மார்லின்ஸிடமிருந்து நேஷனல்ஸ் அவரை எடுத்தது. விலை ஒரு லட்சம் டாலர். நிபந்தனை: அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாதி விலைக்குப் பழைய அணி திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2024 முழுவதும் அவர் இருந்தார், மட்டை பிடிக்க வாய்ப்பு அரிதாகத்தான் கிடைத்தது. "ஒரு இடம் வீண்" என்று கத்தினார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு ஒரு பெஞ்ச் இடத்தின் மதிப்பு குறைவு. அந்த ஒரு வருடத்தைப் பொறுத்துக்கொண்டால் வேகமும் பீல்டிங்கில் நல்ல கையும் உள்ள இளைஞர் சொந்தமாகிவிடுவார். எனக்கு அது நியாயமான பேரமாகவே தெரிகிறது. கோப்பைக்குப் போராடும் அணி அதையே செய்திருந்தால் நானும் எதிர்த்திருப்பேன்.

வேறு சில முடிவுகளில் நாள் எண்ணிக்கை ஒளிந்திருக்கும். மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு வருட சேவை. ஆறு வருடம் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட். 2015இல் சிகாகோ கப்ஸ் தன் இளம் நட்சத்திரம் கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17 அன்றுதான் அழைத்தது. சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் அவர் இன்னும் ஒரு வருடம் கப்ஸின் கட்டுப்பாட்டில் இருந்தார், முறையிட்டும் தோற்றார். சட்டப்படி சரி. ஆட்டக்காரருக்கு இழைத்த அநியாயம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ரசிகர்கள் தங்களை, ஆட்டக்காரர்களை எடுப்பதையும் விற்பதையும் முடிவு செய்யும் பொது மேலாளர் நாற்காலியில் வைத்தே எப்போதும் யோசிப்பதால், இந்த இரண்டாவது பாதி வாதத்தில் வருவதே இல்லை.

அதே நாற்காலிதான் சோட்டோவைப் பேராசைக்காரர் ஆக்கியது. 2022 ஜூலையில் நேஷனல்ஸ் தர முன்வந்த 15 ஆண்டு, 44 கோடி டாலரை அவர் மறுத்தார். 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அவருக்கு 15 ஆண்டுக்கு 76.5 கோடி கொடுத்ததும், "பார்த்தீர்களா, அவர் சொன்னதுதான் சரி" என்று பலர் மாறினார்கள். இது மறுபடியும் முதல் தவறு. அவர் மறுத்தது சரி என்பதற்கு 2024 வரை காத்திருக்கவே வேண்டாம். 44 கோடியை 15ஆல் வகுத்தால் வருடத்துக்கு 3 கோடிக்கும் சற்றுக் குறைவு. அப்போது ஏஞ்சல்ஸில் மைக் ட்ரவுட் வருடத்துக்கு 3.5 கோடிக்கு மேல், மெட்ஸுக்கு மாறியிருந்த ஷெர்சர் 4.3 கோடிக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 23 வயதில், சந்தை தொடும் முன்பே, 38 வயது வரை தன்னைக் கட்டிக்கொள்ள அது போதாது. அன்றைய காகிதத்திலேயே அது எழுதியிருந்தது.

அவரை 2022 ஆகஸ்ட் 2 அன்று ஜாஷ் பெல்லோடு சேர்த்து சான் டியாகோ பாட்ரெஸுக்கு அனுப்பினார்கள். கிடைத்தது: சிஜே ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசல், ஹார்லின் சுசானா, கூடவே லூக் வோய்ட். வுட்டுக்கு அப்போது 19 வயது, கீழ்நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தார். 2024இல் ஏப்ரம்ஸும், 2025இல் வுட்டும் கோரும் ஆல் ஸ்டார் (சீசனின் நட்சத்திர அணிக்குத் தேர்வு) ஆனார்கள். இப்போது சிலர் இதை வைத்து, இளைஞர்கள் கிடைத்தால் நட்சத்திரத்தைக் கொடுத்துவிடலாம் என்று பேசுகிறார்கள். அதே அணி 2021இல் ஷெர்சரையும் ட்ரே டர்னரையும் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து கெய்பர்ட் ரூயிஸ், ஜொசையா கிரே உட்பட நால்வரை வாங்கியது. அன்று இளைஞர் தரவரிசைப் பட்டியல்களில் உயரத்தில் இருந்த பெயர்கள் அவை. கிரே 2023இல் ஆல் ஸ்டார் ஆனார், அடுத்த வருடம் முழங்கை அறுவை சிகிச்சை. ரூயிஸ் எதிர்பார்த்த உயரத்துக்கு வரவில்லை. இளைஞர் பட்டியலை வங்கி இருப்பைப் போல எண்ணக்கூடாது. ஐந்து பெயரில் இரண்டு தேறினாலே பெரிது.

சீசன் நடுவில் ஐம்பது ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் வேண்டாம். 2019 மே மாதம் நேஷனல்ஸ் 19 வெற்றி, 31 தோல்வி. மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை நீக்கு, நட்சத்திரங்களை விற்று அணியைக் கலை என்ற குரல்கள் பலமாக இருந்தன. சீசனை 93 வெற்றியோடு முடித்து, அக்டோபரில் கோப்பையையும் வாங்கினார்கள். ஷெர்சரையோ ரெண்டோனையோ ஜூலையில் விற்றிருந்தால் அந்த அக்டோபரே இல்லை.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பிட்சரின் வெற்றி தோல்விக் கணக்கைச் சம்பள வாதத்துக்குக் கொண்டு வராதீர்கள். கார்பின் 19 தோல்வி கண்ட 2022இல் அணியே 107 ஆட்டம் தோற்றது. அவர் ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.31 ரன் கொடுத்தார் என்பதே போதுமான குற்றச்சாட்டு. எளிதில் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரரைவிட ஒருவர் எத்தனை வெற்றி கூடத் தந்தார் என்று கணிக்கும் வார் (WAR) என்ற அளவை எடுத்தாலும், பிட்சர்களுக்கு அதை இரண்டு பெரிய தளங்கள் இருவிதமாகக் கணக்கிடுகின்றன. அரைப் புள்ளி வித்தியாசத்தை வைத்து இவர் அவரைவிட மேல் என்று சண்டை போட இடமே இல்லை.

2025 ஜூலையில் பொது மேலாளர் மைக் ரிசோவையும் மார்ட்டினெஸையும் நேஷனல்ஸ் ஒரே நாளில் நீக்கியது. புதிய நிர்வாகம் வுட்டுக்கு நீண்ட ஒப்பந்தம் பேச வேண்டுமா என்பதுதான் இப்போதைய பெரிய வாதம். அதில் இறங்கும் முன் ஒரு தேதியைக் கவனத்தில் வையுங்கள். ஆட்டக்காரர் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான பொது ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. வரிக் கோடு, ஆறு வருட விதி, குறைந்தபட்சச் சம்பளம் எல்லாமே அதில்தான் இருக்கின்றன. அதற்குப் பிந்தைய வருடங்களுக்கு நீங்கள் சொல்லும் எந்தத் தொகையும் இன்றைய விதி நீடிக்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. அந்த அனுமானத்தை வாதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.