பாட்டு கேட்டுக் கதை எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

ஹெட்போனில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எழுத உட்கார்ந்தால் கை தானாக ஓடும், பிரிவுக் காட்சி என்றால் கண்ணே கலங்கிவிடும். சிக்கல் அங்கேதான். கலங்க வைத்தது வயலினா வாக்கியமா என்று அந்த நேரத்தில் நமக்குப் பிரித்துப் பார்க்க வராது, வாசகர் காதிலோ அந்த வயலின் கிடையாது. 'அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்' என்று மொட்டையாக எழுதிவிட்டுப் பிரமாதம் என்று நம்பிக்கொண்டிருப்போம். மறுநாள் காலையில் பாட்டே இல்லாமல், முடிந்தால் சமையலறையில் மிக்ஸி ஓடும்போது, படித்துப் பாருங்கள். அப்போதும் நின்றால் அது உங்கள் வரி.

வரிகள் உள்ள பாட்டு இன்னும் ஆபத்து. பாடலாசிரியரின் நடை நைசாக வசனத்துக்குள் நுழைந்துவிடும், பால்காரர்கூட நிலவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். எழுதுவதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், எழுதும்போது நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், ராகத்தின் பெயரை உணர்ச்சிக்கு லேபிளாக ஒட்டுவது. 'தூரத்தில் யாரோ முகாரி வாசித்தார்கள்' என்று எழுதினால் சோகம் வந்தாயிற்று என்று ஒரு நினைப்பு. ராகம் தெரியாதவருக்கு அது வெறும் பெயர், தெரிந்தவருக்கோ தியாகராஜரின் முகாரிக் கீர்த்தனைகள் எல்லாமே ஒப்பாரி இல்லை என்பதும் தெரியும்.

ராகத்தை விட்டுவிட்டு வாசிப்பவரின் கையையும் வாயையும் பாருங்கள். நாதஸ்வரக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை எச்சிலில் ஊறவைத்து, தனியாக ஊதிப் பார்த்து, பிடிக்காமல் வாத்தியத்தில் கட்டித் தொங்கும் இன்னொன்றை எடுப்பார். பக்கத்தில் தவில்காரர் வலது கை விரல்களில் தொப்பி மாதிரி கூடுகளை மாட்டிக்கொண்டிருப்பார், இடது கைக்குத்தான் கழி. இது தெரியாமல் 'இரு கைகளிலும் குச்சியோடு தவிலை முழக்கினார்' என்று எழுதினால் கல்யாண வீட்டில் ஒரு முறை முன்வரிசையில் உட்கார்ந்தவர்கூடச் சிரிப்பார். தோல் பறையை அடிப்பதற்கு முன்னால் தீயில் காய்ச்சுவார்கள். அந்தத் தீயைச் சுற்றி யார் நிற்கிறார்கள், யார் தள்ளி நின்று சீக்கிரம் ஆகட்டும் என்று விரட்டுகிறார்கள் என்று கவனித்தாலே, முதல் அடி விழுவதற்குள் பாதிக் கதை கிடைத்துவிடும்.

தொல்காப்பியம் கருப்பொருளை, அதாவது ஒவ்வொரு நிலத்துக்கும் உரியவற்றை, சொல்லும்போது உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் இவற்றோடுதான் பறையையும் யாழையும் வைக்கிறது. எனக்கு இதைவிட நல்ல எழுத்துப் பயிற்சி தெரியாது. பாத்திரம் என்ன சாப்பிடுகிறது என்று யோசிப்பதுபோலவே என்ன கேட்கிறது, எதில் கேட்கிறது, யார் காசில் கேட்கிறது, யார் வந்து நிறுத்து என்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். தனியார் பஸ்ஸில் டிரைவருக்குப் பிடித்த பாட்டை வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் கேட்டே ஆகவேண்டும், துக்க வீட்டுக்குப் போகிறவர் உட்பட.

காலக் குழப்பமும் சாதாரணமாக நடக்கிறது. 1974இல் நடக்கும் கதையில் டீக்கடை ரேடியோவில் இளையராஜா ஒலிக்கிறார், ஆனால் அவருடைய முதல் படம் வெளிவந்தது 1976இல். 1990இல் கல்லூரிக் காதலர்கள் ரஹ்மானின் சினிமாப் பாட்டில் உருகுகிறார்கள், அதற்கு அவர்கள் 1992 வரை காத்திருக்க வேண்டும். பழைய 78 சுற்று இசைத்தட்டு பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். ஜமீன் வீட்டில் ராத்திரி முழுக்க கிராமபோன் தானாகப் பாடிக்கொண்டிருக்காது. யாரோ ஒருவர் எழுந்து போய் சாவி கொடுத்து, ஊசி மாற்றி, தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த ஆள் யார், அவருக்கு அந்தப் பாட்டு பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டால் பிழையும் போகும், ஒரு பாத்திரமும் கிடைக்கும்.

அத்தியாயங்களுக்கு ஆலாபனை, பல்லவி, சரணம் என்று தலைப்பு வைப்பதைப் பற்றி ஒன்றுதான்: வேண்டாம்.

கடைசியாகப் பல்லவியை அப்படியே எடுத்துப் போடுவது. வாசகருக்கு அந்தப் பாட்டின் மேல் ஏற்கெனவே இருக்கும் பாசத்தில் நாம் குளிர்காய்கிறோம் என்பது ஒரு பக்கம், சட்டம் இன்னொரு பக்கம். இந்தியாவில் பாடல் வரிகளுக்கான பதிப்புரிமை எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உண்டு, அதனால் புத்தகமாகப் போடும்போது அனுமதி கேட்க வேண்டி வரலாம். 1921இல் இறந்த பாரதியின் பாட்டு என்றால் அந்தக் கவலை இல்லை.